துப்பாக்கிக்கு மரம் தேடிய கதை

1

எங்கள் பக்கத்தில் இப்போது இரண்டு கதைகள் உலவுகின்றனவாம். கனடாவிலிருந்து வந்த முருகேசன் மகள், சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கப் பார்த்தாள் என்பது ஒன்று. அவள் அதை விலைக்குக் கேட்டாள், ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏகாம்பரம்தான் நடுவில் நின்று பேரம் பேசினார் என்பது இன்னொன்று. போன வாரம் தொலைபேசியில் என் அக்கா இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டுமே பொய். ஆனால் உண்மை அந்த இரண்டையும்விட நம்பும்படியாக இருக்கிறதா என்று கேட்டால், எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது முழுசாகப் புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: அந்த முருகேசன் நான்தான். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு கிராமம் எனக்கு. இப்போது இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், ஏரிக்கரை நகரம் ஒன்றில். இங்கேயும் ஏரிதான், ஆனால் எதிர்க்கரை தெரியாது. இயந்திர உறுப்புகள் செய்யும் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். மனைவி சரோஜா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். எங்களுக்கு ஒரே பெண், கவிதா. பதினேழு வயது.

2

கவிதா எங்களோடு பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் நாங்கள் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவளுடைய தமிழ் சாப்பாடு, குளிர், தூக்கம் இவற்றோடு நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளியில் அவள் நம் ஊர் என்.சி.சி. மாதிரியான ஒரு பயிற்சிப் படையில் சேர்ந்தாள். பரதநாட்டிய வகுப்பை விட்டுவிட்டு அதில் சேர்ந்தாள் என்பது சரோஜாவுக்கு இன்றும் ஆறவில்லை. அங்கே அணிவகுப்புக்குப் பழைய ராணுவத் துப்பாக்கிகளைக் கொடுப்பார்கள். சுட முடியாதபடி அடைத்தவை. அவற்றைத் தோளில் வைத்துத் தூக்கி இறக்கிப் பழகியதில்தான் அவளுக்கு அந்தக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு வால்டர், மனைவி இறந்த பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்ச் சேர்ந்தார். போகும் முன் கொட்டகையிலிருந்த சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். அங்கே சுவரில் சாய்ந்திருந்தது அந்தத் துப்பாக்கி. முதல் உலகப் போர்க் காலத்தது. வால்டரின் அப்பா மான் வேட்டைக்கு எடை குறையட்டும் என்று அதன் முன்பக்க மரத்தை ரம்பத்தால் அறுத்து அடுப்பில் போட்டுவிட்டாராம். குழல் பாதிக்கு மேல் அம்மணமாக நீட்டிக்கொண்டிருந்தது.

கவிதா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, மரம் வெட்டிட்டாங்க," என்றாள், யாரோ தோப்பை அழித்துவிட்ட மாதிரி.

அதைப் பழையபடி முழுசாக்கப் போகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டேன். "முழுசா இருந்ததுதானே," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சான்றிதழ் என் பெயரில்தான் வாங்க வேண்டியிருந்தது. வாழ்நாளில் உண்டிவில்லைக்கூட நேராகப் பிடிக்காதவன் நான். போலீஸ் அலுவலகத்தில் இருந்த அம்மாள் எதற்காகத் துப்பாக்கி என்று கேட்டார். வேட்டையா, குறிபார்த்துச் சுடுவதா, சேகரிப்பா? எனக்கு மூன்றும் இல்லை. "மகள்," என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் சேகரிப்பு என்று அவரே எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சுடும் ஊசியைக் கழற்றித் தனியாகப் பூட்டி வைத்தேன். சாவியைச் சரோஜா தாலிச் சரட்டோடு கோத்துக்கொண்டாள்.

3

பழைய ராணுவச் சாமான் விற்கும் சந்தை ஒன்று எங்கள் நகரத்துக்கு அவ்வப்போது வரும். அங்கே போன பிறகுதான் தலை சுற்ற ஆரம்பித்தது.

வெட்டுப்பட்ட துப்பாக்கிகள் அங்கே மூலையில் விறகுபோலக் குவிந்திருந்தன. ஒன்றின் விலை நல்ல மழைச்சட்டையின் விலைதான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் துணி விரித்து வைத்திருந்த ஒற்றை மரக்கட்டைக்கு, குழலை அடியில் தாங்குகிற அந்த முன்கட்டைக்கு, அதைப்போல மூன்று துப்பாக்கி வாங்குகிற விலை சொன்னார்கள். மேலே மூடுகிற மரம் தனி. முனையில் மாட்டுகிற இரும்பு மூடி தனி. பட்டை தனி, அதன் திருகு தனி. திருகு மட்டுமே என் அரைநாள் கூலியை விழுங்கிவிடும். நான் லேத்தில் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்தில் கடைந்துவிடக் கூடிய திருகு.

"நான் செஞ்சு தரேனே," என்று கவிதாவிடம் சொன்னேன்.

"ஒரிஜினல் வேணும்பா."

விற்கிறவர் பொறுமையான மனிதர். விளக்கினார். ஊர் முழுக்க வேட்டைக்காரர்கள் மரத்தை அறுத்து எரித்துவிட்டார்கள். துப்பாக்கி மிஞ்சியது, மரம் மிஞ்சவில்லை. இனி யாரும் அதைச் செய்யப் போவதுமில்லை. போலி மரம் மலிவாக வருகிறது, ஆனால் அதில் அந்தக் காலத்துத் தொழிற்சாலை முத்திரை இருக்காது. எனக்குக் கணக்கு புரிந்தது. ஆனால் முழுப் பொருளைவிட அதில் இல்லாத துண்டுக்கு விலை கூடுதல் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

அன்று வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சரோஜா சாதாரணமாகச் சொன்னாள்: "இதுக்குப் போயி இவ்ளோ காசா? நம்மூரு போலீஸ்காரங்க இன்னிக்கும் இத்தத்தானே தூக்கிகினு கீறாங்க."

கவிதா சாப்பாட்டை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "உண்மையாவா? முழுசாவா?"

4

ஆனி மாதம் என் அக்கா தனத்தின் மகள் சுமதிக்குக் கல்யாணம். டிக்கெட் முன்பே எடுத்தாகிவிட்டது. அதற்குள் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் இறந்தார். கூட நின்ற ஜனங்களும் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் இறந்தார்கள். இங்கே பட்டறையில் கூட வேலை செய்கிறவர்கள் வரைபடத்தில் எங்கள் ஊரைத் தேடினார்கள். "உன் ஊரா? உன் ஊரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்வதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சரோஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் கவிதாவும் மட்டும் வந்தோம்.

ஸ்ரீபெரும்புதூர் நான் அறிந்த ஊராக இல்லை. கோயில், கடைத்தெரு, லாட்ஜ், பஸ் நிற்கிற இடம் எல்லாம் அங்கங்கேதான் இருந்தன. ஆனால் ஜனங்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எங்கே திரும்பினாலும் காக்கி. எங்கே திரும்பினாலும் தோளில் அந்தத் துப்பாக்கி. கண்ணாடிப் பெட்டிக்குள் துணி விரித்து வைக்கிற பொருள், டீக்கடை பெஞ்சில், சைக்கிள் கம்பியில், வேப்பமரத்தடியில் சாய்ந்திருந்தது. கவிதா ஜன்னல் பக்கத்து இருக்கையிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமாவுக்கு பஸ் நிலையத்துக்கு அருகில் லாரி உதிரிப் பாகக் கடை. கவிதாவின் பிரச்சினையை அவரிடம் சொன்னபோது, உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் அது உடனே புரிந்தது.

"ஒரிஜினலுன்னா ரேட்டு அப்டித்தாம்பா. டூப்ளிகேட்டு போட்டா வண்டி ஓடும், ஆனா உள்ளாற கடகடன்னு பேசிகினே இருக்கும். கொயந்த கேக்குறது கரீட்டு," என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார்: "ஆனா இங்க இத்தப் பத்தி வாயத் தொறக்காதீங்க. நேரம் செரியில்ல."

கவிதாவிடம் நான் இதைச் சொன்னேன். ஆங்கிலத்தில், தெளிவாகத்தான் சொன்னேன்.

5

முகூர்த்தப் புடவையைக் காஞ்சிபுரத்தில் வாங்கிக்கொண்டு, வாலாஜாபாத் வழியாக நானும் கவிதாவும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வழியில் சோதனைச் சாவடி. ஆண் பெண் எல்லோரையும் இறக்கி நிற்கவைத்தார்கள். சாலையோரம் கீற்றுக் கொட்டகை, இரும்புத் தடுப்பு, புளியமரம். மரத்தடியில் வயதான கான்ஸ்டபிள் ஒருவர் துப்பாக்கியை முன்னால் ஊன்றி நின்றிருந்தார்.

நான் பஸ் சீட்டைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கவிதா பக்கத்தில் இல்லை. அந்தக் கான்ஸ்டபிளின் எதிரில் நின்றாள். குனிந்து துப்பாக்கியின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இன்னா வோணும்?"

கவிதா மரியாதையாக, நல்ல தமிழில், சத்தமாகச் சொன்னாள்: "சார், உங்க துப்பாக்கி எனக்கு வேணும்."

வரிசையில் இருந்த பேச்சு நின்றது.

"இன்னாது?"

"மரம் சார். ஒரிஜினல் மரம். எவ்வளவு?" சொல்லிக்கொண்டே கழுத்தில் தொங்கிய கேமராவைத் தூக்கி ஒரு படமும் எடுத்துவிட்டாள்.

அந்த 'க்ளிக்' சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. எங்கிருந்தோ நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். யாரோ கேமராவைப் பறித்தார்கள். நான் ஓடிப்போய், "என் பொண்ணு சார், தமிழ் சரியா வராது," என்றேன். அவள் சொன்னதோ அட்சர சுத்தமான தமிழ். எங்கள் இருவரையும் கொட்டகைக்குள் உட்காரவைத்தார்கள். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சுமதியின் முகூர்த்தப் புடவை மேல் பலகையிலேயே போய்விட்டது என்பது நினைவு வந்தது.

கவிதா அழவில்லை. "நான் மாதிரின்னு சொன்னேன்பா. உங்க துப்பாக்கி மாதிரி," என்றாள்.

"சொல்லலையேம்மா."

"சொல்லலையா?"

6

ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்காகத் தெற்கேயிருந்து அனுப்பப்பட்டவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. சரியாகத் தூங்கி வெகுநாள் ஆன கண்கள். யாரையும் அதட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார்.

"கனடாவா?"

"ஆமா சார்."

"அங்க யார் யாரெல்லாம் பழக்கம்?"

பட்டறை ஆட்களின் பெயர்களைச் சொன்னேன். நம் ஆட்கள், தமிழ் ஆட்கள் யார் என்று கேட்டார். அரிசி வாங்குகிற கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர் என்று உள்ளதைச் சொன்னேன். கொட்டகையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புழுங்கலரிசி வேறெங்கும் கிடைக்காது என்று சேர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் மறைத்தது ஆகியிருக்குமோ? இன்றுவரை தெரியவில்லை.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். தமிழில் முழுப் பக்கம் எழுதி எத்தனை காலமாயிற்று! 'என் மகள் பழைய துப்பாக்கியைப் புதுப்பித்து வருகிறாள்' என்று ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்டர் அந்த வரியிலேயே நின்றார்.

"புதுப்பிச்சு என்ன செய்வா?"

"புதுசா எதுவும் இல்ல சார். பழைய மாதிரி ஆக்குவா."

"இப்ப அது பழசா புதுசா?"

"பழசுதான் சார். ஆனா பழைய மாதிரி இல்ல."

"அப்ப பழசைப் புதுப்பிச்சுப் பழசாக்குதாளா?"

"ஆமா சார்," என்றேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்குமேல் அதைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. எந்தப் பாஷையிலும் இல்லை.

அந்த நேரத்தில் ஏகாம்பரம் மாமா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கண்டக்டர் தெரிந்தவராம். புடவைப் பையைக் கடையில் கொடுத்து, "உங்க ஆளுங்கள எறக்கி வச்சிகினாங்க," என்று சொல்லியிருக்கிறார். சேதி அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கும் போய், கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்களாம். மாமா முகம் வெளிறிக் கிடந்தது. ஆனால் இன்ஸ்பெக்டரைக் கண்டதும் கடையில் வியாபாரம் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"சார், நம்ம கடைக்கே ஒரு பழைய ஜீப்பு வர்து சார். கம்பெனிக்காரன் இப்போ அதுக்கு சாமான் பண்றதில்ல. செத்த ஜீப்பு எங்கனா கெடச்சா அதுலருந்து கயட்டிப் போடணும். கயட்டிக் குடுக்குறவன் சொன்னதுதான் வெல. இந்தப் பொண்ணுக்கும் அதே கஷ்டம் சார். வேற ஒண்ணும் கெடியாது."

இன்ஸ்பெக்டர் நான் எழுதிய தாளை மடித்தார். "ஜீப்பு ஓடும். இது சரியானா என்ன செய்யும்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கவிதாவைப் பார்த்தேன்.

"செவுத்துல மாட்டிக்குவாங்க சார்," என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, ஆனால் முகம் தளர்ந்தது. மேலதிகாரியிடம் வயர்லெஸ்ஸில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

காத்திருந்தபோது அந்த வயதான கான்ஸ்டபிள் எங்களுக்கு டீ வாங்கி வந்தார். பெயர் தேவராஜ் என்றார். துப்பாக்கியை மடியில் கிடத்தி எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"நெசமாவே இந்தக் கட்டைக்கு அங்க அம்மாம் காசு குடுக்குறாங்களா?"

விலையைச் சொன்னேன். அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரம் ஓரிடத்தில் விண்டு, செம்புக் கம்பி சுற்றியிருந்தது. கவிதாவின் விரல் அந்தக் கம்பிக்கு அருகில் போய்த் தயங்கி நின்றது. "பார்த்துக்கம்மா," என்று அவரே காட்டினார். பிறகு அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"சர்வீஸ் பூரா இத்தத் தூக்கிகினுதான் கீறேன். ஸ்ரீபெரும்புதூர்ல அன்னிக்கி கூட்டத்துலயும் ஜனத்த தடுக்க கட்ன கயித்தாண்ட நிக்க வச்சாங்க. எங்கூட நின்னுகினு இருந்தவன முன்னால கூப்டாங்க, போனான். அவ்ளோதான். இது என் கையிலதாம்மா இருந்துச்சு. இன்னா பண்றது? யார சுடறது? பொக, கூச்சலு. அல்லாரும் வியுந்தவங்கள தூக்க ஓடுறாங்க. எனக்கும் தூக்கணும். ஆனா கையில இது கீதே, எங்க வெக்கறதுன்னு தெரில. கீய வெக்க எடமில்ல. அப்டியே நின்னுகினு இருந்தேன்."

தேவராஜ் டீ தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"என்னப்பா சொல்றார்?" என்று கவிதா ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். எந்த வார்த்தையில் தொடங்குவது? கயிறா, புகையா, கீழே வைக்க இடமில்லாததா? "பழைய துப்பாக்கி, ஆனால் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாராம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பொழுது சாயும் முன் விட்டுவிட்டார்கள். பிலிம் சுருளை மட்டும் வெயிலில் உருவிப் போட்டார்கள். அதில் சுமதிக்கு நலுங்கு வைத்த படங்களும் இருந்தன. கேமராவைத் திருப்பிக் கொடுத்த இன்ஸ்பெக்டர் கவிதாவிடம், "நல்லாப் படிம்மா," என்று மட்டும் சொன்னார்.

7

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பாவை மாமா தனியாகக் கூட்டிப்போய் என்ன சொன்னாரோ தெரியாது. மண்டபத்தில் அவர் கவிதாவைப் பார்த்ததும் ஒரு அடி ஒதுங்கி நின்றுதான் ஆசீர்வாதம் செய்தார். அக்கா மட்டும் அவள் தலையில் மல்லிகைப்பூ வைத்து, "எங்க வூட்டு போலீஸ்காரி," என்று எல்லோருக்கும் காட்டினாள்.

திரும்பி வந்த பிறகு துப்பாக்கிப் பேச்சே இருக்காது என்று எதிர்பார்த்தேன். தப்பு. கவிதா பகுதிநேரம் வேலை பார்த்த டோனட் கடையில் கூடுதல் நேரம் நின்று காசு சேர்த்தாள். இலையுதிர் காலத்தில் முன்கட்டை ஒரு சேகரிப்பாளரிடமிருந்தும், மேல்மூடி இன்னொருவரிடமிருந்தும், இரும்பு மூடியும் பட்டையும் திருகும் மூன்றாமவரிடமிருந்தும் வந்தன. எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு முத்திரை. பொருத்தும்போது குழலைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். மரம் வழுக்கிக்கொண்டு போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது.

"நாலு துப்பாக்கியிலேர்ந்து கழட்டின சாமான் சேர்ந்து ஒண்ணாயிருக்கு. இதுல எது ஒரிஜினல்?" என்று கேட்டேன்.

"எல்லாமே," என்றாள். பிறகு அதைத் துணியால் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். சுவரில் மாட்ட ஆணி அடித்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளில், நகர மைதானத்தில் அணிவகுப்பு. மழையும் பனியும் கலந்து பெய்தது. எங்கள் பெண் முன்வரிசையில், அடைத்த துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, தலை குனிந்து நின்றாள். எதற்காக நிற்கிறார்கள், எந்தப் போர், யார் இறந்தார்கள் என்று சரோஜா என்னைக் கேட்டாள். பாதிதான் தெரிந்தது எனக்கு. முடிந்ததும் சரோஜா அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டாள். கவிதா நனைந்த சீருடையோடு காரில் வந்து ஏறினாள்.

சிறிது தூரம் போன பிறகு, தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டாள்: "அப்பா, அந்த போலீஸ் தாத்தா. அவங்க கூட நின்னவர் செத்துட்டார் இல்ல? இவர் துப்பாக்கியை எங்க வைக்கறதுன்னு தெரியாம நின்னார் இல்ல?"

காரை ஓரமாக நிறுத்தினேன். "உனக்குப் புரிஞ்சுதா?"

"கொஞ்சம். என்னைப் பார்த்துத்தானே சொன்னார். நீங்க ஏன் வேற சொன்னீங்க?"

"எனக்கு அதை இங்கிலீஷ்ல சொல்ல வரலைம்மா."

கார்க் கண்ணாடியில் படிந்த ஆவியை அவள் கையால் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "தமிழ்லயே சொல்லியிருக்கலாமே."

காரை மறுபடி கிளப்பினேன். தேவராஜ் சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சில இடங்களில் அவள் நிறுத்தி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சில சொற்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது.